மெட்ராஸில் பிறந்தவர் பீட்டில்ஸை முந்தினாரா? எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பற்றிக் கொஞ்சம் விரிவாக

"சென்னையில் பிறந்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்ற பாடகர் பீட்டில்ஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவையே தோற்கடித்தாராமே, உண்மையா? அவ்வளவு பெரிய பாடகர் என்றால் இங்கே ஏன் யாருக்கும் தெரியவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு "உண்மைதான்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று படுகிறது. இவர் ஒரு வினாடி வினாத் தகவலாக மட்டும் நினைவில் வைக்க வேண்டிய ஆளா, இல்லை உட்கார்ந்து கேட்க வேண்டிய பாடகரா என்பதுதான் அது. நான் மேற்கத்தியக் குரலிசை சொல்லிக்கொடுக்கிறவன். அதற்கு முன் பல வருடங்கள் கல்யாண ரிசப்ஷன்களிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நடன இரவுகளிலும் பேண்டோடு பாடியிருக்கிறேன். இவருடைய பாட்டுகளை மேடையில் எத்தனையோ முறை பாடியவன் என்பதால் என் பதிலில் பாசம் கலந்திருக்கும். எது தகவல், எது என் அபிப்பிராயம் என்று பிரித்தே சொல்கிறேன்.

பிறப்பில் சந்தேகமே இல்லை. 1936 மே 2, மெட்ராஸ். இயற்பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி. அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். வீட்டில் மொத்தம் பத்துப் பிள்ளைகள். இவருக்குப் பத்து வயது இருக்கும்போது குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இவரை ஆங்கிலோ இந்தியர் பட்டியலில் சேர்க்கிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கு விவாதத்துக்குரியது. ராணுவக் குடும்பத்தின் பிள்ளையாக இங்கே பிறந்தார் என்பது மட்டும்தான் உறுதி. "நம்ம ஊர்ப் பையன்" என்று பெருமைப்பட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இவர் பாட்டைக் கற்றதும், பட்டினி கிடந்ததும், பேர் வாங்கியதும் இங்கிலாந்தில்தான்.

மெட்ராஸ் சம்பந்தம் இவரோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியமான விஷயம். ரிங்கோ ஸ்டாருக்கு முன் பீட்டில்ஸில் டிரம்ஸ் வாசித்து, 1962இல் வெளியேற்றப்பட்ட பீட் பெஸ்ட் பிறந்ததும் மெட்ராஸில், 1941இல். எங்கல்பர்ட்டை உலகப் புகழுக்குக் கொண்டுபோன மேனேஜர் கார்டன் மில்ஸ் பிறந்ததும் இதே ஊரில், 1935இல். அவருடைய அப்பாவும் ராணுவக்காரர்தான். அவர் வளர்ந்தது வேல்ஸின் சுரங்கப் பகுதியில். அந்தக் கால மெட்ராஸ் எத்தனை ராணுவக் குடும்பங்கள் வந்து போன ஊர் என்று யோசித்தால், இதை வெறும் தற்செயல் என்றும் தள்ளிவிட முடியவில்லை.

இவருடைய கதையில் நான் முக்கியமாக நினைப்பது பீட்டில்ஸை முந்திய 1967 அல்ல, அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருடங்கள். லெஸ்டரில் சிறுவனாக இருந்தபோது இவர் கற்றுக்கொண்டது சாக்ஸபோன். பாடகராகும் எண்ணமே இல்லை. பதினேழு வயது வாக்கில் ஒரு பப்பில் நடந்த பாட்டுப் போட்டியில் நண்பர்கள் பிடித்துத் தள்ளித்தான் மேடை ஏறினார். ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸைப் போல நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரர். அதனாலேயே "ஜெர்ரி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்ரி டார்சி என்ற பெயரில் பல வருடங்கள் பாடினார். நடுவில் கட்டாய ராணுவ சேவை. ஐம்பதுகளின் கடைசியில் இசைத்தட்டும் வெளிவந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. 1961இல் காசநோய் வந்து படுத்துவிட்டார். ஒரு பாடகனுக்கு நுரையீரலில் நோய் என்றால் என்ன என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூச்சுதான் எங்கள் வாத்தியம். குணமாகி எழுந்து வந்து பார்த்தால் ஊரே மாறியிருந்தது. பீட்டில்ஸ் அலை அடிக்க ஆரம்பித்துவிட்டது. கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு காதல் பாட்டுப் பாடுகிறவர்களை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. 1964இல் பட்ரீசியாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த இரண்டு வருடமும் கையில் காசு இல்லாத வாழ்க்கைதான்.

கார்டன் மில்ஸ் வந்தது அப்போதுதான். லண்டன் பேஸ்வாட்டரில் இருவரும் முன்பு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். மில்ஸ் அதற்குள் வேல்ஸிலிருந்து தாமஸ் வுட்வர்ட் என்ற பாடகரைக் கூட்டிவந்து டாம் ஜோன்ஸ் என்று பெயர் வைத்து நட்சத்திரம் ஆக்கியிருந்தார். பழைய அறைத் தோழனுக்கு மில்ஸ் தேர்ந்தெடுத்த பெயர் இன்னும் விசித்திரமானது. எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் என்பது 1854 முதல் 1921 வரை வாழ்ந்த ஒரு ஜெர்மானிய இசையமைப்பாளரின் பெயர். "ஹான்சலும் கிரெட்டலும்" என்ற சிறுவர் கதையை ஆபராவாக, அதாவது பாடியே நடிக்கும் நாடகமாக, ஆக்கியவர் அவர். ஜெர்ரி டார்சி என்ற பெயரைத் தோற்றுப்போன பாடகர் என்று தொழிலில் எல்லோரும் முத்திரை குத்தியிருந்தார்கள். அதைத் துடைத்து எறிய, ஒரு தடவை கேட்டால் மறக்கவே முடியாத பெயர் வேண்டியிருந்தது. மில்ஸுக்கு இது கைவந்த கலை. பின்னால் கில்பர்ட் ஓ'சல்லிவன் என்ற பாடகருக்குப் பெயர் சூட்டியவரும் இவரே. ஜெர்மனியில் மட்டும் இன்றும் நம் பாடகர் வெறும் "எங்கல்பர்ட்" என்றுதான் அறியப்படுகிறார்.

இப்போது நீங்கள் கேட்ட 1967க்கு வருகிறேன். பீட்டில்ஸை முந்திய இவருடைய "ரிலீஸ் மீ" புதுப் பாட்டே இல்லை. நாற்பதுகளில் எழுதப்பட்ட அமெரிக்க கன்ட்ரி பாட்டு, அதாவது அங்கத்திய நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டு. ரே பிரைஸ் 1954இலும், எஸ்தர் ஃபிலிப்ஸ் 1962இலும் பாடி ஏற்கெனவே பேர் வாங்கியது. எங்கல்பர்ட் அதை வயலின்களும் கோரஸும் சூழப் பாடினார். லண்டன் பலேடியம் அரங்கிலிருந்து ஞாயிறு இரவு ஒளிபரப்பாகும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை அன்று பிரிட்டனே உட்கார்ந்து பார்க்கும். அதில் பாட வேண்டிய டிக்கி வேலன்டைனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, கடைசி நேரத்தில் இவரைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு பாட்டைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் மார்ச் தொடக்கத்திலிருந்து ஆறு வாரம் முதலிடம். ஐம்பது பாட்டுப் பட்டியலில் தொடர்ந்து 56 வாரம். அந்த வருடம் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிளும் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறிய இசைத்தட்டு) அதுவே.

அதே சமயத்தில் பீட்டில்ஸ் வெளியிட்டது "பென்னி லேன்", "ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்" என்ற இரண்டு பாட்டுகள் கொண்ட இசைத்தட்டு. 1963இலிருந்து அவர்களுடைய சிங்கிள்கள் வரிசையாகப் பதினொன்று முதலிடம் பிடித்திருந்தன. இந்தத் தட்டு இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டது. பீட்டில்ஸை முந்தினார் என்று சொல்வது இதைத்தான். இதில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்போது பிரிட்டனில் ஒரே ஒரு பட்டியல் இருக்கவில்லை, ஒவ்வொரு இசைப் பத்திரிகையும் தனித்தனியாகப் போட்டது. இன்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்படுவது ரெக்கார்ட் ரீடெய்லர் பத்திரிகையின் பட்டியல். அதில்தான் எங்கல்பர்ட் முதலிடம். மெலடி மேக்கர் பட்டியலில் பீட்டில்ஸ் முதலிடத்துக்கு வந்திருக்கிறார்கள். "தட்டின் இரு பக்கங்களையும் தனித்தனியாக எண்ணியதால்தான் பீட்டில்ஸ் தோற்றார்கள்" என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். அதை நான் நம்பிச் சொல்ல மாட்டேன். அதிகாரபூர்வப் பட்டியலில் இரண்டு பாட்டும் சேர்ந்து ஒரே வரியில்தான் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், முந்தியது உண்மை. "தோற்கடித்தார்" என்பது கொஞ்சம் மிகை.

இது எப்படிச் சாத்தியமானது என்றால், பாட்டு வாங்குகிறவர்கள் எல்லாம் இளைஞர்கள் அல்ல. அறுபதுகளைப் பற்றி எழுதும்போது நீளமுடி, எலக்ட்ரிக் கிட்டார், கிளர்ச்சி என்றே எழுதுகிறார்கள். முப்பது, நாற்பது வயது ஆண்களும் பெண்களும், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு நல்ல மெட்டைக் கேட்க விரும்பியவர்களும் அதே நாட்டில் வாழ்ந்தார்கள். அவர்களுக்கென்று பாட ஆள் குறைந்துபோயிருந்த நேரத்தில் இவர் வந்தார். 1967 மார்ச் கடைசியில் தொடங்கிய ஒரு சுற்றுப்பயணத்தில் வாக்கர் பிரதர்ஸ் குழு, பாடகர் கேட் ஸ்டீவன்ஸ், ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், எங்கல்பர்ட் எல்லோரும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பாடினார்கள். லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் நடந்த முதல் நாள் நிகழ்ச்சியில்தான் ஹெண்ட்ரிக்ஸ் முதன்முறையாகத் தன் கிட்டாருக்குத் தீ வைத்தார். அந்த இரவில் பிரிட்டனின் நம்பர் ஒன் பாட்டு "ரிலீஸ் மீ". ராக் வரலாற்றில் அந்தத் தீயைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதே அரங்கில் கோட்டு சூட்டோடு நின்று பாடியவரைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

அந்த வருடமே "தி லாஸ்ட் வால்ட்ஸ்" வந்து ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. லெஸ் ரீடும் பாரி மேசனும் எழுதியது. இவ்விரண்டு பாட்டுகளும் பிரிட்டனில் மட்டும் தலா பத்து லட்சத்துக்கு மேல் விற்றவை. அடுத்த வருடம் இத்தாலிய மெட்டொன்றின் ஆங்கில வடிவமான "எ மேன் வித்தவுட் லவ்". இவர் பாட்டெழுதி மெட்டமைக்கும் கலைஞர் அல்ல என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு, இத்தாலியக் காதல் பாட்டு என்று எங்கிருந்தோ வந்த மெட்டுகளை எடுத்து, கேட்கிறவருக்கு இது தனக்காகவே பாடப்பட்டது என்று தோன்ற வைப்பது ஒரு தனித் திறமை. எல்விஸ் பிரெஸ்லி போன்றவரே 1970இல் "ரிலீஸ் மீ"யைத் தன் மேடையில் பாடினார்.

"ரிலீஸ் மீ" தட்டின் பின்பக்கத்தில் இருந்த பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. "டென் கிட்டார்ஸ்" என்று பெயர். கார்டன் மில்ஸே எழுதியது. இங்கிலாந்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நியூசிலாந்தில் நடந்ததே வேறு. அங்கே, குறிப்பாக அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடையே, வீட்டு விருந்து, கல்யாணம், பப் என்று கிட்டார் இருக்கும் இடமெல்லாம் அந்தப் பாட்டு பரவி, அதிகாரபூர்வமற்ற தேசிய கீதம் என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. மெட்ராஸில் பிறந்த இருவர், ஒருவர் எழுதி ஒருவர் பாடிய பாட்டு, பசிபிக் கடலில் ஒரு மக்களின் சொந்தப் பாட்டாகிவிட்டது. எந்த விற்பனைக் கணக்கிலும் இது வராது.

குரலைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. அடிப்படையில் பாரிடோன், ஆண்குரலில் நடுத்தரமும் கீழும் கனமாக ஒலிக்கும் வகை. மைக்கை ஒட்டி முணுமுணுப்பது போலப் பாடும் "குரூனர்" என்று தன்னை அழைப்பது இவருக்கே பிடிக்காது. அதில் நியாயம் இருக்கிறது. அப்படிப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் குரலை ஒரே அளவில் வைத்திருப்பார்கள். இவர் பல்லவியைப் பேசுகிற அளவில் ஆரம்பித்து, உச்சத்துக்கு வரும்போது முழு நெஞ்சைத் திறந்து பாடிவிடுவார். மாணவர்களுக்கு "தி லாஸ்ட் வால்ட்ஸ்" கொடுக்கும்போது நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிக்கச் சொல்வேன். வரியின் கடைசிச் சொல்லில் கார்வை பிடிக்கும்போது, அதாவது சுரத்தை நீட்டி நிறுத்தும்போது, முதலில் குரலை ஆடாமல் நேராக நிறுத்துகிறார். பிறகுதான் மெதுவாக அதிர்வு வருகிறது, அதுவும் மூச்சு முடிகிற சமயத்தில். புதிதாகப் பாடுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே குரலை ஆட்டிவிடுவார்கள், உருக்கம் போய்விடும். காசநோயிலிருந்து மீண்ட ஒருவர் இப்படி மூச்சைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறாரே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று நிரூபிக்க முடியாது, என் எண்ணம் மட்டும்தான்.

குறையும் உண்டு. எழுபதுகளுக்குப் பிறகு வந்த பல ஆல்பங்களில் வாத்திய இசை சர்க்கரையாக வழிகிறது. பாட்டுத் தேர்விலும் துணிச்சல் குறைந்துவிட்டது. பிரிட்டனில் முதல் பத்துக்குள் வருவது 1969க்குப் பின் நின்றுபோனது. ஒரே மேனேஜரின் கீழ் டாம் ஜோன்ஸ் ஒருபுறம், இவர் ஒருபுறம் என்று ரசிகர்கள் ஒப்பிட்டுக்கொண்டே இருந்ததும் இவருக்கு நல்லது செய்யவில்லை. எழுபதுகளில் மில்ஸிடமிருந்து இவர் பிரிந்தார். அமெரிக்காவில் 1976இல் "ஆஃப்டர் தி லவ்விங்" வந்து, அந்நாட்டு பில்போர்டு பத்திரிகையின் பட்டியலில் எட்டாம் இடம் வரை போய் மறுபடி தூக்கி நிறுத்தியது. அதன் பின் இவர் முக்கியமாக மேடைக் கலைஞர். லாஸ் வேகாஸ், பிறகு ஊர் ஊராகச் சுற்றுப்பயணம். பாட்டுக்கு நடுவே பேச்சு, சிரிப்பு, பழைய மிமிக்ரி எல்லாம் இருக்கும். இவருடைய நேரடி ஒளிப்பதிவுகளைப் பாருங்கள். முன்வரிசை, பின்வரிசை என்று பார்க்காமல் எல்லோரையும் பார்த்துப் பாடுவார். பப்பிலும் கிளப்பிலும் கேட்க ஆளில்லாமல் பாடிய வருடங்கள் கொடுத்த பாடமாக இருக்க வேண்டும்.

பதினைந்து கோடி இசைத்தட்டு விற்றார் என்று விளம்பரங்களில் எல்லாம் பார்ப்பீர்கள். அந்த எண்ணை நம்பி யாரிடமும் சொல்லாதீர்கள். அந்தத் தலைமுறைப் பாடகர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பெரிய எண் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாடு வாரியாகக் கூட்டிப் பார்த்து வந்த கணக்கு அல்ல.

2012இல் பிரிட்டன் இவரை ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு அனுப்பியது. அஜர்பைஜானின் பாகு நகரம், வயது 76, முதல் ஆளாக மேடையேறினார். கிடைத்தது 12 புள்ளி. 26 பேரில் 25ஆவது இடம். கேலி செய்தவர்கள் நிறைய. எனக்கு வருத்தம்தான் வந்தது, கோபமும் கூட. அந்த மேடை மூன்று நிமிட ஒளி வேடிக்கைக்கானது, நின்று பாடுகிறவருக்கானது அல்ல. பத்து வருடம் கழித்து, 2022இல் வெளியான மார்வெலின் "மூன் நைட்" தொடரில் "எ மேன் வித்தவுட் லவ்" ஒலித்ததும், தாத்தா காலத்துப் பாட்டை இருபது வயதுப் பிள்ளைகள் தேடித் தேடிக் கேட்டார்கள். இடையில் 2021 பிப்ரவரியில், அல்ஸைமர் நோயால் பல வருடம் அவதிப்பட்ட மனைவி பட்ரீசியா இறந்தார். கல்யாணமாகி 56 வருடம். அதே வருடம் பிரிட்டிஷ் அரசு எம்பிஇ விருது அறிவித்தது. எண்பதைத் தாண்டிய பிறகும் மேடையை விடவில்லை.

இங்கே யாருக்கும் தெரியவில்லை என்கிறீர்கள். தமிழ் சினிமாப் பாட்டு மட்டும் கேட்கும் வீடுகளில் தெரியாது, சரி. பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் உள்ள பழைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட் பெயர்களோடு இவர் பெயரும் வரும். ரேடியோ சிலோனின் ஆங்கில நிகழ்ச்சிகள் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கும் இவர் புதியவர் அல்ல. நான் பாடிய நடன இரவுகளில் கடைசிப் பாட்டு எது என்று யாரும் கேட்டதே இல்லை. "தி லாஸ்ட் வால்ட்ஸ்" ஆரம்பித்ததும் வயதான தம்பதிகள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் ஒதுங்கி வழி விடுவார்கள்.

கேட்கத் தொடங்குவதென்றால் 1967, 68 பதிவுகளிலிருந்து தொடங்குங்கள், பிற்காலத்தில் மறுபடி பதிவு செய்தவை வேண்டாம். முதலில் ரே பிரைஸ் பாடிய "ரிலீஸ் மீ", உடனே இவருடையது. ஒரே பாட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் இவர் என்ன செய்தார் என்று தானாகப் புரியும். அப்புறம் "எ மேன் வித்தவுட் லவ்". "டென் கிட்டார்ஸ்" பாட்டை இவர் குரலில் ஒரு முறை கேட்டுவிட்டு, நியூசிலாந்துக்காரர்கள் கூட்டமாகப் பாடும் ஒளிப்பதிவு ஏதாவது கிடைத்தால் அதையும் பாருங்கள். பாடிப் பழகுகிறவராக இருந்தால் "தி லாஸ்ட் வால்ட்ஸ்" பாட்டை உங்கள் சுருதிக்கு இறக்கிக்கொண்டு, கடைசிச் சொல்லின் கார்வையை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள். எந்த இடத்தில் மூச்சு தட்டுகிறது என்று எழுதினால் என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.